நெடுங்கழியின் பொருளடக்கம்

நெடுங்கழி பேரூராட்சியின் இணையதளம் முழுவதையும் பெர்பெத்து தன் கடையில் அச்செடுத்து முடித்த மறுநாள் காலை, மாதா கோவில் தெருக்காரர்கள் கதவைத் திறந்தபோது எதிரே கோவிலைக் காணவில்லை, ஐஸ் பேக்டரி நின்றுகொண்டிருந்தது. ஐஸ் பேக்டரிக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள் வழக்கமான முக்கில் திரும்பி பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் போய் நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் மீன் ஏலம் போடுகிற கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே வரிசையில் நின்று ஜெபம் சொல்லிவிட்டு, டீச்சர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஊர் பெரிதாக ஒன்றும் கத்தவில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஓடு பறக்கும், தகரம் பறக்கும், இந்த வருஷம் தெரு பறந்திருக்கிறது என்பதுபோல, அவரவர் வேலைக்குப் போகிற வழியைத்தான் முதலில் தேடினார்கள்.

பெர்பெத்துவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கணவன் தொபியாசோடு சேர்ந்து பஜாரில் ஒரு நெட் சென்டர் வைத்திருந்தாள். ஆதார் திருத்தம், பரீட்சை முடிவு, ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் அங்கேதான். ஊருக்கு வடக்கே உப்பளத்துக்கு நடுவில் இருக்கிற குடியிருப்பில் பிறந்து, தொபியாசைக் கட்டிக்கொண்டு பஜாருக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பயம், யாரும் தன்னை ஒரு வார்த்தை குறை சொல்லிவிடக் கூடாது. மிச்சச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுப்பாள், ஜெராக்ஸ் கோணலாக விழுந்தால் கேட்பதற்கு முன்னால் இன்னொன்று எடுத்துக் கொடுப்பாள். பழைய இணையதளத்தை மூடப்போகிறோம், வேண்டுமானால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து பேரூராட்சிக்குத் தகவல் வந்தபோது, சேர்மன் ஜெயசிங் அந்த வேலையை அவளிடம் கொடுத்ததும் இந்தக் குணத்தினால்தான்.

அந்த இணையதளத்தில் தெருவுக்கு ஒரு பக்கம் இருந்தது. கவுன்சிலர் முகம், குழாய் எத்தனை, தெருவிளக்கு எத்தனை, மங்கலாக ஒரு போட்டோ. திரையில் அந்தத் தெருக்களுக்கு முன்பின் கிடையாது. தொட்டால் வரும், தொடாவிட்டால் இராது. காகிதத்துக்கு வந்ததும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நின்றாக வேண்டியிருந்தது. பெர்பெத்து கைக்கு வந்த வரிசையில் அச்செடுத்தாள், பாதியில் கச்சான் காற்று கடைக்குள் புகுந்து தாள்களை வாரி இறைத்தது, அவளும் தொபியாசும் மேசைக்கு அடியிலும் படிக்கட்டிலும் கிடந்ததைப் பொறுக்கி அடுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தாள் கலைந்ததற்கும் தெரு மாறியதற்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது மீன்காரி சலேத்தம்மாள். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், மேசை மேல் கிடந்த கட்டை ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்தாள்.

“ஏட்டி பெர்பெத்து, ஐஸ் பேக்டரித் தெரு, அதுக்கடுத்து மாதா கோவில் தெரு, அதுக்கடுத்து கொல்லம்பட்டறைத் தெரு. நான் காலையில இருந்து கூடையத் தூக்கிட்டு நடந்து வந்தது இந்த வழிதான. நீதான் இப்பிடி அடுக்கி வச்சியா?”

“நான் ஒண்ணும் அடுக்கலியே, காத்துல பறந்துச்சு, பொறுக்கி வச்சோம்” என்று பெர்பெத்து சொல்வதற்குள் அந்தச் செய்தி கடையை விட்டு இறங்கிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு கடையில் கூட்டம் ஓயவில்லை. அவரவர் தெரு எங்கே கிடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் தாளை உருவிப் பார்த்தார்கள், பார்த்த தாளை எடுத்த இடத்தில் வைக்காமல் வேறெங்கோ சொருகினார்கள், அதனால் மறுநாள் ஊர் இன்னொரு விதமாகக் கிடந்தது, அதைப் பார்க்க இன்னும் கூட்டம் வந்தது. விடிந்ததும் மீன்காரிகள் கடை வாசலில் வந்து நின்று, “இன்னைக்கு எதுக்குப் பின்னால எது?” என்று கேட்டு மனசில் வாங்கிக்கொண்டு கூடையைத் தூக்கினார்கள். மாதா கோவில் பூசையின் முடிவில் சாமியார் திருமண ஓலை அறிவிப்போடு சேர்த்து அன்றைய தெரு வரிசையையும் வாசித்தார். சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்தி ஊரின் இரண்டு கோடிகளுக்குப் போன அண்ணன் தம்பி ஒரு காலையில் சுவரோடு சுவராக வந்து நின்று, ஒரே மாமரத்தின் இலையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பாங்கு மேனேஜர் வீடு ஒரு தாளின் அடியில் ஆரம்பித்து அடுத்த தாளின் தலையில் முடிந்ததால், அவருடைய கூடம் ஒரு தெருவிலும் அடுப்படி இன்னொரு தெருவிலும் போய் நின்றன. அவர் சம்சாரம் ரசத்தைத் தூக்குச்சட்டியில் ஊற்றி ஆட்டோவில் கொடுத்தனுப்பினாள், அவர் ஆறிப்போன ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்.

எல்லாம் பழகிப் போயிற்று, ஆனால் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இருப்பவர்கள் பத்துத் தடவை எழுந்து வாசலுக்கு வந்து எதிரே யார் என்று பார்த்தார்கள். வெளியே போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். நாய்கள் தங்கள் தெருவைத் தேடிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தன. ஒரு வீட்டில் அரிசி களைந்து உலை வைத்தால் சோறு வடிக்கும்போது யார் பக்கத்து வீடாக இருப்பார்கள் என்ற யோசனையிலேயே கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது.

பெர்பெத்துவுக்கு நேர்ந்தது வேறு. வடக்குத் தெருவின் தாள் அவளுடைய தெருவின் தாளை ஒட்டி வந்து விழுந்த காலையில், அவள் அடுப்படிப் பின்கதவைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று உப்பளம் கிடந்தது, வரப்பு மேல் அவள் அக்கா ஞானசீலி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஞானசீலி அளத்தில் உப்பு வாருகிறவள், புருஷன் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். ஓர் இடத்தில் அரை நிமிஷம் உட்காரமாட்டாள். முன்பெல்லாம் வாரத்தில் ஒரு நாள் ஒரு பை உப்போடு பஜாருக்கு நடந்து வருவாள். இப்போது ஒரு கதவுதான் தூரம் என்றானதும் நினைத்தபோதெல்லாம் வந்தாள். காப்பி போட்டால் வந்தாள், மீன் கழுவினால் வந்தாள். “புளி கூடிப்போச்சு” என்றாள், “இந்த வயசுல இந்தக் கலர்ல எதுக்குட்டி சேலை” என்றாள், தொபியாஸ் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கும்போது உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தாள். குடியிருப்புப் பிள்ளைகளும் அந்தக் கதவு வழியாகவே பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கின. பக்கத்து வீட்டு ரெபேக்கா டீச்சர் ஒரு நாள், “ஒங்க ஆளுவ நடமாட்டம் ஜாஸ்தியா இருக்கே பெர்பெத்து” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்கு ஞானசீலி வந்ததும், “அக்கா, கொஞ்ச நாளைக்கு ஒன் வீட்டுல இரேன்” என்றாள்.

ஞானசீலி கையிலிருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “சரிட்டி” என்று மட்டும் சொல்லிப் போனாள்.

அந்த வாரமே பேரூராட்சியில் கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தார்கள். தாள்களுக்குப் பக்க எண் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கம் வைத்து, பைண்டிங் செய்து, பேரூராட்சி முத்திரையைக் குத்தி ஆபீசில் வைத்துவிட்டால் ஊர் அசையாமல் நிற்கும். பொருளடக்கத்தைப் பெர்பெத்து தயாரிக்க வேண்டும்.

மறுநாளே கடைக்கு மக்ரூன் டப்பாக்கள் வந்தன. முழுச் சீலா மீன் வந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவைப் போடு என்றார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதே என்றார்கள். ஒரு மருமகள் வந்து, மாமியார் தெருவுக்கும் தன் தெருவுக்கும் நடுவில் எவ்வளவு பக்கங்கள் முடியுமோ அவ்வளவு பக்கங்கள் வை என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சேர்மன் ஆள் அனுப்பி, அவருடைய பங்களாத் தெரு முதல் பக்கமாக வந்தால் ஊருக்குக் கௌரவம் என்று சொல்லச் சொன்னார். பெர்பெத்துவுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. யார் பேரை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவர் குறை சொல்வார்கள்.

“என்னங்க, நான் கையால ஒண்ணும் வைக்கப்போறதில்ல” என்று அவள் தொபியாசிடம் சொன்னாள். “கம்ப்யூட்டர்ட்டயே விட்டுடுதேன். தலைப்பா இருக்கதையெல்லாம் அதுவே தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, பக்க எண் போட்டுரும். பொருளடக்கம் நான் போட்டதில்ல, மெஷின் போட்டதுன்னு சொல்லிரலாம்.”

“பங்களாத் தெரு?”

“அத மட்டும் முதல்ல வச்சிருதேன்.”

அப்படியே செய்தாள். மெஷின் பெரிய எழுத்துத் தலைப்புகளை மட்டும் தேடிப் பொறுக்கியது, ஒவ்வொன்றையும் புதுப் பக்கத்தில் ஆரம்பித்தது, தாளின் இரண்டு பக்கமும் அச்சாகி வந்தது. தொபியாஸ் துளை போட்டு ஸ்பைரல் கோத்தான். ஜெயசிங் முத்திரை குத்தினார். அன்று சாயங்காலமே ஊர் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது, மேனேஜர் வீட்டுக் கூடமும் அடுப்படியும் ஒட்டிக்கொண்டன, நாய்கள் தங்கள் தெருவில் போய்ப் படுத்தன, நெடுங்கழி வெகு நாளைக்குப் பிறகு அசந்து தூங்கியது.

பெர்பெத்து காலையில் பின்கதவைத் திறந்தாள். அங்கே ரெபேக்கா டீச்சர் வீட்டு மதில் நின்றது. வடக்குத் தெரு அதன் இடத்துக்குப் போய்விட்டது, அதோடு அளமும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காப்பி போட்டாள், யாரும் வரவில்லை. மீன் கழுவினாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி அவளுக்கு நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கும் நன்றாக இருந்தது, அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ரெபேக்கா டீச்சர், “அளத்துப் பிள்ளைகள் ஒண்ணையும் காணல, என்ன ஏதும் திருவிழாவா?” என்று கேட்டாள். கடையில் உப்பு கேட்டால் பாக்கெட் உப்பைக் கொடுத்தார்கள், ஊர் அதையும் வாங்கிக் குழம்பில் போட்டுக்கொண்டது.

பெர்பெத்து ஞானசீலிக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, எங்க இருக்க?”

“எங்க இருக்கேன், வீட்டுலதான் இருக்கேன். ஒங்க ஊருதான் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைக வரப்பு மேலயே நடந்து நடந்து திரும்ப இங்கேயே வந்துருச்சுக. நானும் போய்ப் பாத்தேன். எந்தப் பக்கம் போனாலும் உப்புதாம்ட்டி கெடக்கு. கரன்ட் இல்ல, கம்பி அங்கயிருந்துதான வருது. போன் செத்துரும்னு அணைச்சு வச்சிருக்கேன்.”

“தண்ணி?”

“லாரி வந்தாத்தான தண்ணி. டிரம்முல அடியில கெடக்கத பிள்ளைகளுக்கு மூடியில ஊத்திக் கொடுக்கோம். இங்க எங்க தோண்டுனாலும் உப்பு, ஒனக்குத் தெரியாதா. என்னட்டி பண்ணி வச்சிய?”

பெர்பெத்து ஆட்டோ பிடித்து வடக்குத் தெருவுக்குப் போனாள். வடக்குத் தெரு முடிகிற இடத்தில் உப்பளத்துக்குப் போகிற மண்பாதை இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பங்களாத் தெருவின் ஆரம்பம் இருந்தது. நான்கு தடவை போனாள், நான்கு தடவையும் சேர்மன் வீட்டு கேட் முன்னால்தான் வந்து நின்றாள். அங்கே ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் சவரியப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தான்.

“யக்கா, மூணு நாளா சுத்துதேன்” என்றான் அவன். “அளத்துக்குக் கொண்டுபோற தண்ணி. பாதை அம்படல. தண்ணியோட வண்டிய ஷெட்டுல விட மனசு வரல, வீட்டுக்கும் போகல. வளைஞ்சு வளைஞ்சு இங்கேயே வந்து நிக்குது.”

பெர்பெத்து கடைக்கு ஓடிவந்து பழைய தாள் கட்டில் வடக்குத் தெருவின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். கவுன்சிலர் முகம், குழாய், தெருவிளக்கு. எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், ஒரே வரி: மற்றவை, உப்பளக் குடியிருப்பு. அது தலைப்பு இல்லை. மெஷின் அதைப் பார்த்திருக்காது. பார்த்திருந்தாலும் எடுத்திருக்காது. அவள் பார்த்திருக்கலாம். வரிசையைத் தான் தொடக்கூடாது என்ற ஒரே நினைப்பில் அவளும் பார்க்கவில்லை.

உடனே அந்த வரியை ஒரு தனிப் பக்கமாக அடித்து, கடையில் இருந்த நகலில் சொருகிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. முத்திரை விழுந்த புத்தகத்துக்குத்தான் தெருக்கள் இப்போது கட்டுப்பட்டன.

மறுநாள் பேரூராட்சியில் மனு வாங்குகிற நாள். மக்களும் கவுன்சிலர்களும் நிறைந்திருந்த ஹாலில் பெர்பெத்து போய் நின்றாள். சவரியப்பன் லாரியை ஆபீஸ் வாசலிலேயே குறுக்கே நிறுத்திவிட்டு அவள் பின்னால் வந்து நின்றான்.

“சேர்மன் அண்ணாச்சி, பொருளடக்கத்துல அளத்துக் குடியிருப்பு விட்டுப்போச்சு. திரும்பப் போடணும்.”

ஜெயசிங் கெட்டவர் இல்லை. ஊர் தூங்கிய முதல் ராத்திரி அவரும் தூங்கியிருந்தார், அதை இழக்க அவருக்கு மனசில்லை. “நடுவுல ஒரு பக்கத்தச் சொருகினா எல்லாம் திரும்ப நகருமேம்மா. இப்பதான ஜனங்க நிம்மதியா இருக்கு. பின்னிணைப்புன்னு கடைசியில போட்டுரு.”

“கடைசிப் பக்கம் கல்லறைத் தோட்டம், அண்ணாச்சி. அதுக்குப் பின்னால வச்சா சவரியப்பன் லாரிய கல்லறை மேலயா ஏத்திக்கிட்டுப் போவான்?”

சாமியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அது நடக்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஹாலில் சத்தம் கிளம்பியது. எங்கள் தெருவுக்கு முன்னால் வைக்காதே, நாங்கள் நகர்ந்துவிடுவோம் என்றார்கள் ஐஸ் பேக்டரித் தெருக்காரர்கள். எங்களுக்குப் பின்னால் வைக்காதே, எங்களுக்கு அவர்கள் பக்கத்து வீடாகிவிடுவார்கள் என்றார்கள் மாதா கோவில் தெருக்காரர்கள். எங்களுக்கு முன்னாலும் வேண்டாம் பின்னாலும் வேண்டாம் என்றார்கள் எல்லோரும், பாவம் அவர்களுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றும் கூடவே சொன்னார்கள்.

“அப்போ இந்தத் தண்ணிய நான் எங்கதான் ஊத்துறது?” என்று சவரியப்பன் கத்தினான். “வெயில்ல சூடேறிப் போய்க் கெடக்கு. சொல்லுங்க, இங்க ஹாலுல ஊத்திட்டுப் போவட்டா?”

சத்தம் அடங்கியது. அந்த நிமிஷத்தில் பெர்பெத்துவின் போன் அடித்தது. ஞானசீலி. பெர்பெத்து போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“டிரம்மு காஞ்சுருச்சு” என்றது ஞானசீலியின் குரல். கோபம்கூட இல்லாமல், வெயிலில் காய்ந்துபோன குரல். “சீக்கிரம் பண்ணுட்டி.”

பெர்பெத்து மேசைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பொருளடக்கம், அதற்கடுத்து பங்களாத் தெரு, அதற்கடுத்து மற்ற எல்லாம். அவளுக்கு வாயில் வந்ததைச் சொன்னாள், சொன்ன பிறகுதான் அது சரி என்று அவளுக்கே தெரிந்தது.

“முதல் பக்கமா வைப்போம். எல்லாத்துக்கும் முன்னால. அப்ப எல்லாத் தெருவும் சேந்து ஒரே ஒரு பக்கம் பின்னால போவும், அம்புட்டுதான். யாருக்கும் பக்கத்து வீடு மாறாது.”

ஹாலில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஐஸ் பேக்டரித் தெருவுக்குப் பக்கத்தில் அதே தெருதான், மாதா கோவில் தெருவுக்குப் பக்கத்தில் அதே தெருதான். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அதே பக்கங்கள்தான். மாற்றம் ஒரே ஓர் ஆளுக்குத்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

ஜெயசிங் முத்திரையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். “ஊருக்குள்ள வார பஸ்சு முதல்ல அளத்துலயா வந்து நிக்கும்?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி.”

“கலெக்டர் வந்தாலும்?”

“கலெக்டரும் அது வழியாத்தான் வரணும்.”

அவர் பெருமூச்சு விட்டு, “பேரு என்ன போடுவ? மற்றவைன்னு முதல் பக்கத்துல போட முடியாதே” என்றார்.

பெர்பெத்து போன் பக்கம் குனிந்து கேட்டாள். “அக்கா, தலைப்பு வேணும். குடியிருப்புக்குப் பேரு என்ன போட?”

அந்தப் பக்கம் குடியிருப்பே ஞானசீலியைச் சுற்றி நின்றிருக்க வேண்டும். அந்தோணியார் நகர் என்றது ஒரு குரல். அதெல்லாம் வேண்டாம், தலைவர் பேரை வை என்றது இன்னொன்று. நகராவது தெருவாவது, இங்கே தெருவே கிடையாதே, வரப்புதானே என்று ஒரு பெண் சிரித்தாள். செத்துப்போன எங்கள் ஐயாதான் இங்கே முதல் குடிசை போட்டார், அவர் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒருவன் அடித்துப் பேசினான். தொண்டை வறண்டவர்கள் அவ்வளவு சத்தம் போடுவார்கள் என்று ஹாலில் யாரும் நினைத்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. “எல்லாவனும் வாயப் பொத்துங்கலே, நான் சொல்லுதேன்” என்று ஞானசீலி அதட்டினாள், “ஏட்டி, எழுதிக்கோ” என்றாள், அதோடு போன் செத்துவிட்டது.

பெர்பெத்து கடைக்கு ஓடினாள். கம்ப்யூட்டரில் முதல் பக்கத்தைத் திறந்து, என்ன பேர் என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், வாசலில் சவரியப்பன் லாரியின் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அவள் ‘ஞானசீலி தெரு’ என்று அடித்தாள். அதைப் பெரிய எழுத்தாக்கி, இது தலைப்பு என்று மெஷினுக்குச் சொன்னாள். பொருளடக்கம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது, எல்லா எண்களும் ஒன்று கூடின, புதுக் கட்டு சூடாக வெளியே வந்தது, தொபியாஸ் ஸ்பைரல் கோத்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினான். ஜெயசிங் பேரைப் படித்தார். “யாரும்மா இது, ஒங்க அக்காவா?” என்றார். பிறகு குத்தினார்.

தாளின் இரண்டு பக்கமும் அச்சாகிற புத்தகத்தில் ஒரு பக்கம் முன்னால் வந்தால், முன்பக்கத்தில் இருந்ததெல்லாம் பின்பக்கத்துக்குப் போகும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. நெடுங்கழியில் ஒவ்வொரு வீடும் இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கே பார்த்தது மேற்கே பார்த்தது. காலை வெயில் வாசலில் விழுந்த வீடுகளில் இனிமேல் சாயங்கால வெயில் விழுந்தது. ஜனங்கள் நொந்துகொண்டார்கள், கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள், துணிக்கொடியை அவிழ்த்து மறுபக்கம் கட்டினார்கள். ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது.

சவரியப்பன் முத்திரைச் சத்தம் கேட்ட உடனே வண்டியை எடுத்தான். வடக்குத் தெரு வழியாகப் போகவேண்டிய தேவையே இல்லை; ஊரின் ஆரம்பத்தில், பஸ் நிற்கிற இடத்தில், வெள்ளை வெளேரென்று அளம் கிடந்தது, குடங்களோடு ஜனம் நின்றது. முதல் குடத்தை யார் பிடிப்பது என்று யாரும் சண்டை போடவில்லை என்று அவன் பிறகு பல பேரிடம் சொன்னான். லாரியின் குழாயைத் திறந்தபோது பெரியவர்கள் பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டுவிட்டு, தண்ணீர் மண்ணில் சிந்துகிற இடத்தில் காலை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

ஞானசீலிக்குத்தான் வினை வந்தது. அந்தோணியார்க்காரர்களும் தலைவர்க்காரர்களும் அவளோடு பேச்சை விட்டார்கள். தபால்காரர் ஞானசீலி தெரு ஞானசீலி என்று கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். பஸ்சில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள், அந்த அம்மா எப்போது காலமானார்கள் என்று அவளிடமே விசாரித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவள் பெர்பெத்துவைப் பார்க்க வந்தாள். முதல் பக்கத்திலிருந்து பெர்பெத்துவின் தெரு வெகு தூரம். பங்களாத் தெரு, ஐஸ் பேக்டரித் தெரு, மாதா கோவில் தெரு எல்லாவற்றையும் நடந்து கடந்து, கடையின் முன்வாசல் வழியாக உள்ளே வந்து, வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். பெர்பெத்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். புளி பற்றியோ சேலை பற்றியோ அக்கா ஒன்றும் சொல்லவில்லை, கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்பேரு எப்பிடிட்டி அதுல ஏறுச்சு?” என்று கேட்டாள்.

“தலைப்புன்னு சொல்லணும்க்கா. இந்த வரி தலைப்புன்னு சொல்லிட்டா அது எடுத்துக்கிடும்.”

“அதுக்கு ரொம்ப நேரம் ஆவுமா?”

“இல்ல.”

“கஷ்டமா?”

“இல்லக்கா. வரியத் தொட்டு ஒரு பட்டன அமுக்கணும்.”

“அம்புட்டுதானா?”

பெர்பெத்து கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். “அம்புட்டுதான்” என்றாள்.

ஞானசீலி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஏசுவாள், இப்போது ஏசுவாள் என்று பெர்பெத்து காத்துக்கொண்டு நின்றாள், ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது. ஞானசீலி மிச்சக் காப்பியைக் குடித்து டம்ளரை மேசைமேல் வைத்தாள், எழுந்தாள், முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு படியிறங்கி நடந்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் பெர்பெத்துவிடம் தாளை நீட்டினார். அவள் அதை வாங்காமல், செருப்பைத் தேடாமல், கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓடி அக்காவை எட்டிப்பிடித்தாள். ஞானசீலி நிற்கவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. மாதா கோவில் தெருவைத் தாண்டி, ஐஸ் பேக்டரித் தெருவைத் தாண்டி, பங்களாத் தெருவில் வெயில் மண்டையைப் பிளக்க, அக்காவும் தங்கையும் ஒரு வார்த்தை பேசாமல், ஒருத்தி கால் வைத்த வேகத்துக்கு இன்னொருத்தி கால் வைத்து, உப்பு தெரிகிற வரைக்கும் நடந்தார்கள்.